வாடகை அறையும் போர்க்காலமும்: எம்மவர் இன்னும் எடுக்காத படம்

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943ஆம் ஆண்டில், ஹொலிவூட்டின் கொலம்பியா நிறுவனம் 'த மோர் த மெரியர்' என்ற நகைச்சுவைக் காதற் படமொன்றை வெளியிட்டது. ஆள் கூடக் கூடக் கலகலப்பும் கூடும் என்று அத்தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். ஜோர்ஜ் ஸ்ரீவன்ஸ் இயக்கிய இப்படத்தில் ஜீன் ஆர்தர், ஜோயல் மக்றே, சாள்ஸ் கோபேர்ன் ஆகியோர் நடித்தனர். கோபேர்னுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் விருதும் கிடைத்தது. போரின் நடுவே எடுக்கப்பட்ட படமாயினும் போர்க்களம் இதில் இல்லை. படம் முழுவதும் பேசுவது ஒரேயொரு விடயத்தையே: இருப்பதற்கு ஓர் அறை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோவில் வந்திறங்கிய எம்மவர் எவரும் இப்படத்தைப் பார்த்தால், ஆங்கிலம் விளங்காவிட்டாலும் கதை விளங்கிவிடும்.

போர் அலுவல்களுக்காக நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்துவிட்ட வாஷிங்ரன் நகரில் தங்குவதற்கு இடமில்லை. கொனி மில்லிகன் என்ற இளம்பெண், நாட்டுக்குத் தன்னாலான உதவியென்று எண்ணித் தனது சிறிய வீட்டின் பாதியை வாடகைக்கு விட முன்வருகின்றாள். பெண்ணொருத்தி வருவாள் என எதிர்பார்த்திருந்தவளின் முன்னே வந்து நிற்பவரோ டிங்கிள் என்ற வயோதிபச் செல்வந்தர். வீட்டுப் பஞ்சம் பற்றி அரசுக்கு ஆலோசனை கூற வந்த அந்தப் பெரியவருக்கே அன்றிரவு படுக்க இடமில்லை! வாசலில் காத்துநின்றவர்களிடம் அறை போய்விட்டதென்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டு அவர் உள்ளே நுழைந்துவிடுகின்றார். கொனி அவருக்கு ஒரு நேர அட்டவணையை ஒப்புவிக்கின்றாள். விடியற்காலையில் குளியலறையில் யார், எத்தனை நிமிடம், கோப்பி எப்போது, பத்திரிகை எடுக்கப் போவது யார் என்று நிமிடக் கணக்கில் வகுத்த அட்டவணை. மறுநாட் காலை அது முற்றாகக் குழம்பிப்போய், பெரியவர் தமது காற்சட்டையைத் தேடி அலைகின்றார். அதோடு அவர் நிற்கவில்லை. தமக்குக் கிடைத்த பாதியில் பாதியை, கடல் கடந்து போருக்குப் போகக் காத்திருக்கும் ஜோ என்ற சார்ஜன்ற் ஒருவனுக்கு, வீட்டுக்காரிக்குச் சொல்லாமலேயே வாடகைக்கு விட்டுவிடுகின்றார்.

பின்னர் நடப்பதை ஊகிப்பது கடினமன்று. ஆனால் அது எவ்வாறு நடக்கின்றது என்பதிலேயே படத்தின் அழகு இருக்கின்றது. கொனியின் கட்டிலும் ஜோவின் கட்டிலும் ஒரே மெல்லிய சுவரின் இரு புறத்திலும் கிடக்கின்றன. இருளில், சுவரின் ஊடாக, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே அவர்கள் தமது அன்பைச் சொல்லிக்கொள்கின்றனர். அவன் இன்னும் ஓரிரு நாட்களில் போய்விடுவான். திரும்பி வருவானோ என்பது இருவருக்கும் தெரியாது. சிரித்துக்கொண்டிருந்த படம் அந்த இடத்தில் சற்றுக் குரலைத் தாழ்த்துகின்றது. போர் என்ற சொல் அங்கே உச்சரிக்கப்பட வேண்டிய அவசியமே இல்லை. முடிவில் ஒரே முகவரியில் ஆணும் பெண்ணும் வசிப்பது அதிகாரிகளுக்குத் தெரியவர, ஊர்வாய்க்கு அஞ்சி அவசரக் கலியாணம். பதிவுக்குக் காத்திருக்கும் நாட்கள் தேவைப்படாத வேறொரு மாநிலத்துக்குப் பறந்து சென்று பதிந்துவிட்டு வருகின்றார்கள்.

இந்த நிலைமை வாஷிங்ரனுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இதே ரொறன்ரோவிலும் அன்று வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாகவே இருந்தது. கனேடிய அரசு 1941இல் 'வோர்ரைம் ஹவுசிங்' என்ற கூட்டுத்தாபனத்தை அமைத்துத் தொழிலாளருக்குச் சிறிய வீடுகளைக் கட்டியது. இன்று எம்மவர் பெருமளவில் வாழும் ஏஜாக்ஸ் நகரம் அப்போதுதான் பிறந்தது. வயல்வெளியாக இருந்த அந்நிலத்தில் 1941இல் எறிகணைகளுக்கு வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலை எழுந்தது. உச்சத்தில் சுமார் 9,000 பேர் அங்கு பணிபுரிந்தனர். அவர்களுள் கனடாவின் பல மாகாணங்களிலிருந்தும் தனியே வந்திறங்கிய இளம் பெண்கள் ஏராளம். போர் முடிவதற்குள் அங்கு நிரப்பப்பட்ட எறிகணைகளின் தொகை சுமார் 4 கோடி என்பர். நகரத்தின் பெயரே ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயர். எறிகணைக்குத் தப்பி ஓடி வந்தவர்கள் எறிகணை செய்த ஊரிலே வீடு வாங்கியிருக்கின்றோம் என்பது எம்முள் பலருக்குத் தெரியாது.

இனி எமது அறைகளுக்கு வருவோம்.

1986 ஓகஸ்ட் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்கள் மீனவர்களால் மீட்கப்பட்டனர். அவர்களுக்கு முன்னும் பின்னும் விமானத்தில் வந்தவர்கள் பல்லாயிரவர். வந்தவர்களுட் பெரும் பகுதியினர் தனி இளைஞர்கள். சென் ஜேம்ஸ் ரவுணின் அடுக்குமாடிகளிலும், பின்னர் ஸ்காபரோவின் பேஸ்மென்ற்களிலும் அவர்கள் ஆறு பேராக, எட்டுப் பேராக இருந்தார்கள். இரவு வேலைக்குப் போனவன் விடியற்காலையில் வந்து, பகல் வேலைக்கு எழும்பியவனின் சூடு ஆறாத படுக்கையில் படுத்தான். குளிர்காலச் சப்பாத்து ஒரு சோடி, ஆட்கள் மூவர் என்ற நிலையும் இருந்தது. சமையல் முறை, பாத்திரம் கழுவும் முறை, குளியலறை முறை எல்லாம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டன. எழுதியவன் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்திருப்பான். அட்டவணையை முதலில் மீறுபவனும் அவனாகவே இருப்பான். அகதி விசாரணைக்கு முதல் நாள் இரவில் ஒருவன் நீதிபதியாகவும் ஒருவன் மொழிபெயர்ப்பாளனாகவும் அமர்ந்து, மூன்றாமவனின் கதையைக் கேட்டுக் குறுக்கு விசாரணை செய்தார்கள். கேள்வி கேட்பவன் ஊர் வழக்கொன்றின் பழைய கோபத்தையும் அதற்குள் தீர்த்துக்கொண்டான்.

காதலும் அந்த அறைகளுக்குள் இருந்தது, ஆனால் வேறு வகையில். வாஷிங்ரனில் ஆண்கள் போருக்குப் போய்விட்டதாற் பெண்கள் மிகுந்திருந்தனர். இங்கோ நிலைமை நேர்மாறு. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இணைப்பு இல்லாதிருந்த வருடங்களில், அவள் கொழும்புக்கு வந்து காத்திருக்கும் நாளைக் கடிதத்தில் அறிந்து, குறித்த நேரத்தில் எடுக்க வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் அறையில் அந்த உரையாடலை எட்டுப் பேரும் கேட்டனர். கொனிக்கும் ஜோவுக்கும் ஒரு சுவராவது இருந்தது! அவனுக்கு அகதி அந்தஸ்து கிடைத்து, ஸ்பொன்சர் படிவம் நிரப்பி, சென்னையிலோ சிங்கப்பூரிலோ தாலி கட்டி, மணமகன் தனியே திரும்பி வந்து மேலும் பல மாதங்கள் காத்திருந்து, ஈற்றில் அவள் பியர்சன் விமான நிலையத்தில் வந்திறங்கும்போது அவளைக் கூட்டிச் செல்ல அவனிடம் இருந்தது அதே அறைதான். ஏனைய ஏழு பேரும் எங்கே போவது? ஒரு மூலையில் சேலையொன்றை மறைப்பாகக் கட்டிய வீடுகள் உண்டு. இதனிலும் மேலான நகைச்சுவைக் காதற் கதையை எந்த ஹொலிவூட் எழுத்தாளன் கற்பனை செய்துவிட முடியும்?

சட்டமும் தன் பங்குக்கு உதவியது. பேஸ்மென்ற் குடியிருப்புகளை ஒன்ராறியோ மாகாண அரசு 1994இல் ஒரு சட்டத்தின் மூலம் அனுமதித்தது. அடுத்து வந்த அரசு 1996இல் அந்த அனுமதியைப் பெருமளவு திரும்பப் பெற்றது. இடையில் கதவைத் தட்டுபவர் நகரசபை அதிகாரியா, தபாற்காரரா என்று யன்னல் வழியே எட்டிப் பார்த்தபடி வாழ்ந்தவர்கள் அநேகர்.

இவ்வளவு இருந்தும் எமது திரையிலும் மேடையிலும் இவை எங்கே? லெனின் எம். சிவம் ரொறன்ரோவில் எடுத்த '1999' (2009), 'எ கன் அன்ட் எ ரிங்' (2013) ஆகிய படங்கள் மதிப்புக்குரியன. அவை வன்முறையையும், போர் விட்டுச்சென்ற காயத்தையும் பேசுகின்றன. 2015இல் கான் விழாவில் உயர் விருது பெற்ற 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும், இறந்துபோன குடும்பமொன்றின் கடவுச்சீட்டில் கணவன் மனைவி மகளாகப் பிரான்சுக்கு வருகின்றனர். ஒரே வீட்டில் வாழ்கின்றனர். மெல்ல மெல்ல உண்மையிலேயே குடும்பமாகின்றனர். கதையின் எலும்புக்கூடு 1943இன் படத்தினுடையதே. அந்நியர் ஒரு வீட்டில், பெயருக்கு ஒரு திருமணம், பின்பு உண்மையான அன்பு. ஆயினும் பிரெஞ்சு இயக்குநருக்கு அது ஈற்றில் துப்பாக்கிச் சண்டையாகவே முடிய வேண்டியிருந்தது. தமிழ் அகதி என்றால் அவன் கையில் ஆயுதம் வந்தே தீர வேண்டும் என்பது பிறருடைய கற்பனை. அந்தக் கற்பனையை நாமும் இரவல் வாங்கி வைத்திருக்கின்றோம் என்பதே எனது மனக்குறை.

எமக்கு நகைச்சுவை வராது என்று எவரும் கூற முடியாது. சானாவின் 'லண்டன் கந்தையா'வை இலங்கை வானொலியில் கேட்டுச் சிரித்த தலைமுறை இன்னும் இருக்கின்றது. பஸ் நடத்துநரை மேடையில் உயிரோடு நிறுத்திய 'அண்ணை றைற்' கே. எஸ். பாலச்சந்திரன் எம்மோடு ரொறன்ரோவிலேயே வாழ்ந்து 2014இல் மறைந்தார். எமது பிள்ளையொருத்தி, மிசிசாகாவின் மைத்ரேயி ராமகிருஷ்ணன், 2020 முதல் 2023 வரை அமெரிக்கத் தொலைத் தொடரொன்றின் நாயகியாக உலகையே சிரிக்க வைத்தார். ஆனால் அத்தொடர் கலிபோர்னியா வெயிலில் நடப்பது. ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைக்கு அந்த வெயில் எட்டவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை எழுப்புபவர்களை நான் மதிக்கின்றேன். ஊரில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்தபோது இங்கு அறைக்குள் நடந்த கூத்தைப் படமாக்கிச் சிரிப்பதா என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஸ்ரீவன்ஸின் வாழ்க்கையை விடக் கடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இந்தப் படத்தை முடித்ததும் அவர் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் சேர்ந்தார். நோர்மண்டித் தரையிறக்கத்தையும் பாரிஸ் விடுவிக்கப்பட்டதையும் அவரது குழுவினர் படம்பிடித்தனர். 1945இல் டாஹௌ வதைமுகாமுக்குள் புகுந்து அங்கு கண்டவற்றையும் பதிவுசெய்தனர். அவர் பொறுப்பில் எடுக்கப்பட்டவை நூரம்பேர்க் நீதிமன்றில் சாட்சியமாகத் திரையிடப்பட்ட படத்தில் இடம்பெற்றன. நாடு திரும்பியபின் அவர் இத்தகைய நகைச்சுவைப் படங்களின் பக்கம் திரும்பவேயில்லை. 1959இல் அவர் எடுத்த படம் 'ஆன் பிராங்கின் நாட்குறிப்பு'. நாசிகளுக்கு மறைந்து அம்ஸ்ரர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்புற அறைகளில் எட்டுப் பேர் வாழ்ந்த உண்மைக் கதை அது. யார் எப்போது நடமாடலாம், எப்போது தண்ணீர்க் குழாயைத் திறக்கலாம் என்பதற்கு அங்கேயும் ஓர் அட்டவணை இருந்தது. அந்த அட்டவணையை மீறினால் மரணம்.

ஒரே மனிதர், ஒரே விடயம், இடையில் பதினாறு வருடங்கள். முள்ளிவாய்க்காலைக் கண்டவரிடம் சென்று சிரிக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. 2009 மே மாதத்தில் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி நின்றவர்களுள் பலருக்கு அதன்பின் நெடுநாள் எந்தப் படமும் பார்க்க மனமிருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் நான் கேட்பது அவர்களுடைய கதையை வேடிக்கையாக்க அல்ல. இந்த அறைகளில் இருந்தவர்களின் கதை வேறொன்று. அதில் பயம் இருந்தது, பசி இருந்தது, ஊரிலிருந்து வரும் செய்திக்கு நெஞ்சு பதறியது. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் சிரிக்கவும் செய்தார்கள். சிரித்ததை மறைத்துவிட்டு அழுததை மட்டும் எழுதி வைத்தால் அது அரைச் சாட்சியமாகவே இருக்கும். மேலும், சோகப் படத்துக்குக் குளியலறை அட்டவணை தேவைப்படாது. யார் எத்தனை மணிக்கு எழுந்தான், யாருடைய சப்பாத்தை யார் போட்டான் என்ற சில்லறை விபரங்கள் நகைச்சுவைக்குள் மட்டுமே தப்பிப் பிழைக்கின்றன.

தமிழிலும் போர்க்காலத்தில் காதலும் சிரிப்பும் கலந்த படங்கள் வந்தனவே என்று பழைய படங்களை அறிந்தோர் நினைவூட்டலாம். வந்தன. எனினும் அவை பிறந்த விதம் வேறு. போர்க்காலத்தில் கச்சாப் பிலிம் அரசின் கைக்குள் இருந்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்ற கட்டுப்பாடும் வந்தது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறு சென்னைத் தயாரிப்பாளர்கள் நெருக்கப்பட்டனர். அதன் விளைவாகவே 1945இல் கே. சுப்பிரமணியத்தின் 'மானசம்ரட்சணம்', சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் ரி. ஆர். சுந்தரத்தின் 'பர்மா ராணி', ஜெமினிக்காகக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'கண்ணம்மா என் காதலி' ஆகியவை வெளிவந்தன. பின்னிரு படங்களுக்கும் பர்மாவே பின்னணி.

பர்மா என்ற பெயருக்குப் பின்னால் இருந்தது என்ன? 1941 டிசம்பர் 23ஆம் திகதி ரங்கூனில் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. அதன்பின் இலட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களுள் பெருந்தொகையான தமிழர்கள், அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் கால்நடையாக ஓடிவந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். இருபதாம் நூற்றாண்டில் தமிழர் கண்ட பெரும் அகதி ஓட்டங்களுள் அது ஒன்று. படமெடுத்தவர்கள் அறியாததல்ல இது; ஓடிவந்தவர்கள் சென்னைத் தெருக்களிலேயே நின்றார்கள். ஆனால் உத்தரவின் பேரில் எடுத்த படத்தில் அந்த நடைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பிரித்தானியர் வெளியேறிய பின், 1952இல் 'பராசக்தி' வந்தபோதுதான், ரங்கூனிலிருந்து நடந்து வந்து காலை இழந்து பிச்சைக்காரனாகும் அண்ணன் பாத்திரமொன்றைத் தமிழ்த் திரை கண்டது. ஸ்ரீவன்ஸின் படம் வாழ்வதற்குக் காரணம், அது தன் வீட்டுக் குளியலறையைப் பார்த்து எடுத்த படம் என்பதே.

அந்தப் படத்திலும் ஒரு கறை உண்டு. அயல்வீட்டுச் சிறுவனிடம் ஜோ தான் யப்பானிய ஒற்றன் என்று விளையாட்டாகக் கூறுகின்றான். சிறுவன் அதைப் போய் அறிவிக்க, புலனாய்வுத் துறையினர் வந்துவிடுகின்றனர். பார்ப்போர் சிரிக்கின்றனர். படம் வெளிவருவதற்கு முந்திய ஆண்டில்தான், பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்திலிருந்து சுமார் 22,000 யப்பானியக் கனேடியர்களை இந்நாட்டு அரசு பெயர்த்தெடுத்திருந்தது. பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களின் வீடுகளும் படகுகளும் விற்கப்பட்டன. அரசு மன்னிப்புக் கோரியது 1988இல். வெள்ளைக்கார ஜோவை விசாரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு அனுப்பிவிடுகின்றார்கள். 2010இல் 'சன் சீ' கப்பலில் வந்த 492 பேருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பயங்கரவாதிகள் இருக்கக்கூடும் என்று அமைச்சர்களே கூறினர். பலர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். எம்மவர் ஒருவர் இக்கதையை எடுக்கும்போது, கதவு தட்டப்படும் அந்தக் காட்சியை ஸ்ரீவன்ஸை விடச் சரியாக எடுப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

காலம் கடந்துவிட்டது என்றும் சொல்வார்கள். அன்றைய இளைஞர் இன்று ஓய்வூதிய வயதில். கென்னடி, அஜின்கோர்ட், மில்லிக்கன், மார்க்கம் என்று ரயில் பாதை வழியே ஒவ்வொரு நிலையமாக வடக்கே நகர்ந்து, ஸ்ரௌவ்வில் வரை வந்துவிட்டோம். போர் வேண்டாமென்று ஆயுதம் ஏந்த மறுத்த மெனோனைற் சமயத்தவர்கள் 1804இல் வந்து குடியேறிய ஊர் இது. இங்கு எம்மவர் வீடுகள் சிலவற்றில் ஆட்களை விடக் குளியலறைகள் அதிகம். ஆனால் அந்தப் பழைய அறைகள் வெறுமையாகிவிடவில்லை. ஸ்காபரோவில் நாம் விட்டுவந்த பேஸ்மென்ற்களில் இப்போது பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மாணவர்கள் நான்கு பேராக, ஐந்து பேராக இருக்கின்றார்கள். இரவு வேலை முடிந்து வருபவன் மற்றவனின் சூடு ஆறாத படுக்கையில் படுக்கின்றான். சலவை இயந்திரத்தைத் தொடக்கூடிய நேரத்தை எழுதி ஒட்டியிருப்பவர் வீட்டுக்காரர். அந்தக் கையெழுத்துப் பல வீடுகளில் எம்மவருடையது. படத்தை எவரேனும் எடுக்க முன்வந்தால், அந்த வீட்டுக்காரர் வேடத்துக்கு நடிகர் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்ரௌவ்வில்லிலேயே பலர் இருக்கின்றோம், ஒத்திகையும் தேவைப்படாது.